உன் கடைசிச் சத்தம்

என் அருமை ராகேல் அக்காவுக்கு,

நீ பயந்து சாகவில்லை. இந்தச் செய்தி நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் உறுதியானது. சொன்னவர் பாவாயி அம்மாள். எடப்பாடிக்கு வெளியே போட்டிருந்த காலராக் கொட்டகையில் உன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர். கடைசிவரை உன்னைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு வருஷமாக நான் வேறொன்றை நம்பிக்கொண்டிருந்தேன். நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொல்லி, சேலத்திலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது உன்னைப் புதைத்து முடித்திருந்தார்கள். காலராவில் போனவர்களை வைத்திருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். கொட்டகை வாசலில் நின்ற கம்பவுண்டரிடம் கேட்டேன். "பெருசா ஒரு சத்தம் போட்டாங்க சார். அதோட முடிஞ்சுது" என்றார்.

அவர் அப்போது உள்ளே இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷமாகப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன். வெல்லம் விலை ஏறினாலும், தறிகள் நின்றாலும், இரண்டு பேரிடமாவது விசாரிக்காமல் எழுதமாட்டேன். என் அக்கா செத்த செய்தியை மட்டும், சுவருக்கு வெளியே நின்ற ஒருவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன்.

அந்தச் சத்தம் என்னை விடவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததே வேதத்தை வைத்துத்தானே நீ? ஆயுசு முழுக்க ஆண்டவரைப் பற்றிக்கொண்டிருந்தவள் கடைசியில் அலறிக்கொண்டு போனாள் என்றால், என்னைப் போன்றவனுக்கு மிச்சம் என்ன? உன் வேதப்புத்தகத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொடுத்தனுப்பினார்கள். பிரிக்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கோயிலுக்குப் போவது நின்றது. போதகர் இரண்டு தடவை தேடி வந்தார். வேலை இருந்தது என்று இரண்டு தடவையும் பொய் சொன்னேன்.

நேற்று வெல்ல விலையைக் குறித்துக்கொள்ள மண்டிக்குப் போயிருந்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வண்டியின் அருகில் நின்ற ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க டீச்சரம்மா தம்பிங்களா? பேப்பர்ல எழுதறவருங்களா?"

"ஆமாம். எப்படித் தெரியும்?"

"டீச்சரம்மா சொல்லீருக்காங்க. அதே மூக்குங்க."

நம் மூக்கை நீ எவ்வளவு திட்டியிருக்கிறாய்! அதுதான் அடையாளம் காட்டியது. கொட்டகையில் உன் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பாவாயி தான்தான் என்றார்; உன் கடைசி நேரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னிக்கு மத்தியானம் நான் அழுதுட்டே கெடந்தனுங்க. அழுவாத, ஒரு கதை சொல்றேன்னாங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, கூடப் பொறந்தவன் செத்து நாலு நாளாச்சாமா. பெரியவரு ஒருத்தரு வந்து குழிய மூடுன கல்ல எடுக்கச் சொன்னாராமா. நாறுமேன்னாளாமா அக்காக்காரி. அவரு கேக்கலீங்க. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராமா. எப்படிக் கூப்பிட்டாருன்னு டீச்சரம்மா சத்தம் போட்டே காட்டுனாங்க பாருங்க, எனக்கே எந்திரிக்கோணும்னு ஆயிருச்சு!"

விலை குறித்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "அப்புறம்?"

"சிரிச்சாங்க. துணி சுத்துனபடிக்கே அவன் நடந்து வந்தானாமான்னு மெதுவாச் சொன்னாங்க. கண்ண மூடிக்கிட்டாங்க. அவ்வளவுதானுங்க."

வலியில் கத்தினாயா, பயந்தாயா என்று மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டேன். பதில் மாறவில்லை. "வலி இருந்துதுங்க, இல்லீன்னு சொல்லமாட்டேன். பயமில்லீங்க. பயந்தவ நானு." அந்தக் கதை எதில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனாலேயே அவர் சொன்னதை நம்பினேன்.

"வெல்லம் வெயில்ல உருகுது, இங்க கதை ஓடுது" என்றார் வண்டியிலிருந்து அவருடைய வீட்டுக்காரர்.

"உருகுனா வழிச்சுத் தின்னுங்க" என்றுவிட்டு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருசமா மனசுல கெடக்குதுங்க சாமி. எந்திரிச்சு வந்த ஆளு அப்பறம் என்ன ஆனானுங்க? மறுக்காவும் ஒரு நாளு செத்துத்தானுங்களே போயிருப்பான்?"

அக்கா, இந்தக் கேள்விக்கு நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். உன் புத்தகத்தில், யோவான் எழுதின சுவிசேஷத்தில், அந்தக் கதை வரும் அதிகாரத்திலேயே ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் யாரோ கொடுத்த சிவப்பு நூல் ஒன்று கிடந்தது. நூல் பெரிய ஆதாரம் இல்லை. நீ அங்கே வாசித்துக்கொண்டிருந்தாய் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆனால் அந்த அம்மாள் சொன்னதோடு அது பொருந்துகிறது.

வாசித்தேன். நீர் முன்னமே வந்திருந்தால் இவன் செத்திருக்கமாட்டானே என்று அந்தப் பெண்கள் அவரிடம் முறையிடுகிறார்கள். இரண்டு வருஷமாக நான் முறையிட்டதும் அதுதான். அவர் கோபிக்கவில்லை. அழுதார். அந்த இடத்தில் நானும் அழுதேன்; நெஞ்சில் இருந்த பாரம் இறங்குகிற அழுகை.

நூலைத் தாண்டியும் வாசித்தேன். பாவாயி அம்மாள் கேட்டது சரி, அந்த மனிதன் மறுபடியும் செத்துத்தான் இருப்பான். கதை அவனோடு முடியவில்லை. அவனைக் கூப்பிட்ட ஆண்டவரே செத்துக் கல்லறைக்குள் போனார். மூன்றாம் நாள் எழுந்து, கல்லறைத் தோட்டத்தில் அவரைத் தேடி அழுதுகொண்டு நின்ற ஒருத்தியையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். அவருக்கு இனிமேல் சாவு இல்லை. அவரைப் பற்றிக்கொண்டவர்களுக்கும் அதுதான் முடிவு. நீ சொல்லாமல் விட்ட மீதி இதுதானே?

இந்தக் கடிதத்தை நான் பத்திரிகையில் போடுவதற்குக் காரணம் உண்டு. நீ அலறிக்கொண்டு போனாய் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். திருத்தமும் நாலு பேர் கண்ணில் பட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பாவாயி அம்மாள் மருமகளையும் கூட்டிக்கொண்டு மண்டிக்கு வருகிறார். நூல் கிடக்கும் இடத்திலிருந்து வாசித்து, நீ பாதியில் விட்டதை முடித்துவைப்பேன். இது என் வாக்கு.

இன்னும் நடக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அதே குரல் உன் பேரையும் கூப்பிடவேண்டும். நாள் அறிவிக்கப்படவில்லை. ஆனால் கூப்பிடுவேன் என்று சொன்னவர் சுவருக்கு வெளியே நின்றவர் அல்ல, அக்கா. உள்ளே போய்த் திரும்பி வந்தவர்.

உன் மூக்கைச் சுமந்து திரியும்
தம்பி தாவீது