ஹார்லன் வீட்டு நிலவறைக் கதவு

என் அன்பு மகள் கோரினுக்கு,

அப்பாவும் நானும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் சியாட்டிலில் அப்படியே இருக்க ஆண்டவர் துணை செய்யட்டும். செவ்வாய்க்கிழமை வந்த சுழற்காற்று கோழிக்கூட்டுக் கூரையை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, தொழுவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, செய்தியைப் பார்த்துப் பயப்படாதே. கோழிகளில் பாதி இறகெல்லாம் பிடுங்கப்பட்டு வெட்கமில்லாமல் வயலில் திரிகின்றன. அப்பாவுக்கு விரல் போன இடத்தில் இன்னும் குத்தல் இருக்கிறது, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், அதற்கும் அவருக்குக் கோபம்.

அந்த விரல்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மார்ச் பனிப்புயலில் மாடுகள் செத்தன என்று மட்டும் ஃபோனில் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. பனிப்புயலில் மாடு காற்றுக்கு முதுகு காட்டி நடந்துகொண்டே இருக்கும், வேலி குறுக்கிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும், உனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் காற்று போகும் பக்கத்தில் இருப்பவன் தன் கேட்டைத் திறந்துவிடுவான், ஜென்மப் பகை என்றாலும் திறப்பான். தெற்கு வேலிக்கு அப்பால் இருக்கும் ஹார்லன் அன்று சங்கிலி போட்டுப் பூட்டினான். நம் காளை வேலி தாண்டி அவனுடைய உயர்சாதிக் கிடாரிகளிடம் போய்வந்ததாம், அந்த வன்மம். ஃபோனில் கெஞ்சினேன். "காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல லவெர்ன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டான். அப்பா வேலிக் கம்பியை வெட்டப் போனார், கையுறையைக் கழற்றினால்தான் வெட்ட முடிந்தது, விரல்கள் பனியில் விறைத்துக் கருகிப் போனது அப்படித்தான். அவர் வெட்டி முடித்தபோது மூலையில் குவிந்து கிடந்தவை அசையவில்லை. நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்த டூலியும் அதில்தான் கிடந்தாள்.

செவ்வாயன்று காற்று ஓய்ந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். சுழற்காற்றுக்குப் பிறகு, அண்டை வீட்டார் ஒதுங்கியிருக்கும் நிலவறையைத் தட்டிப் பார்ப்பது நம் வழக்கமாயிற்றே. கூரையைக் காணோம், கொட்டகை உத்திரம் ஒன்று நிலவறைக் கதவின்மேல் குறுக்கே விழுந்து கிடந்தது. "யாரு மேல? கதவு தெறக்கல, கட்டைய நகத்துங்க" என்று ஹார்லன் உள்ளேயிருந்து கத்தினான். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அந்த உத்திரத்தின்மேலேயே உட்கார்ந்து, "காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல ஹார்லன்" என்றேன். ஒரு இலைகூட ஆடவில்லை. முதலில் திட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு "தப்புதான் லவெர்ன், கேட்டத் தெறந்திருக்கணும்" என்று அழுதான். "ஓபலுக்கு மூச்சு முட்டுது" என்றும் கத்தினான். அவன் மனைவி ஓபல் காலையில் தங்கை வீட்டுக்குக் காரில் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன், அதனால் புளுகுகிறான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். வயிறு குளிர்ந்தது என்று எழுதினால் அம்மாவைத் தப்பாக நினைக்காதே, குளிரத்தான் செய்தது.

பிறகு டிராக்டரில் சங்கிலி கட்டி உத்திரத்தை இழுத்தேன். ஹார்லன் என் முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போனான். அவன் பின்னால் ஓபல் வந்தாள். வானத்தைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள். ஆஸ்துமா இழுப்புக்காரி, உதடு நீலம் பாய்ந்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நானும் உள்ளதான் இருந்தேன் லவெர்ன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஹார்லன் தேவாலயத்தில் எழுந்து, "லவெர்ன் இல்லன்னா நாங்க இல்ல" என்றான், எல்லோரும் கை தட்டினார்கள். நான் உத்திரத்தின்மேல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னால் தான் கேட்டைப் பூட்டியதையும் சொல்ல வேண்டியிருக்கும், பாவி எப்படிச் சொல்வான். ஓபல் கை தட்டவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் தலையை நனைக்காதே, ஆண்டவர் உன்னைக் காப்பாராக. இதையெல்லாம் அப்பாவிடம் ஃபோனில் பேசிவிடாதே. நாளைக்கு ஓபலுக்குக் கோழி சூப் கொண்டுபோகிறேன், அவள் காலில் விழவும் தயார். ஆனால் அவள் மட்டும் அன்று தங்கை வீட்டிலேயே இருந்திருந்தால், அவனை விடியும்வரை உள்ளேயே விட்டிருப்பேன்.

உன் அம்மா,
லவெர்ன்