கும்பத்துத் தண்ணீர்

காஜா பேராங், மலாக்கா
14.3.1963, வியாழன்

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு,

அம்மா பாக்கியலட்சுமி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே உனக்கு நெஞ்சுச் சளி விட்டு நல்லபடி மூச்சு வரவேண்டும் என்று அதே முருகனை வேண்டுகிறேன். போன மாதம் இருபதாம் தேதி புதன்கிழமை காலை நம் வீட்டுப் பூசையறை வாசலில் நின்றவர்கள் நான், அப்பா, சுகாதார இலாகா இன்ஸ்பெக்டர் தேவதாஸ், அவரோடு மருந்துத் தகரம் தூக்கிவந்த ஜெயபாலன், ஆக நான்கு பேர். வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

பக்கத்து வீட்டுச் சபியாவின் மகள் ஆயிஷா இறந்துவிட்டாள். நீ லண்டனுக்குக் கிளம்பிய அன்று உன் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று கத்தினாளே, அந்தக் குழந்தைதான், ஏழு வயது முடிந்திருந்தது. நோன்பு மாதம் என்று நாலு மணிக்கு மேல் தினமும் கஞ்சித் தூக்கோடு வருவாள், கொடுத்துவிட்டு உடனே போகமாட்டாள், பூசையறைக்கு முன்னால் நடையில் சிமெண்டு குளுகுளுவென்று இருக்கிறது என்று காலை நீட்டி உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடத்தை எழுதுவாள். "பாக்கியம்மா, ஒங்க சாமி நான் எழுதறதப் பாக்குதா" என்று கேட்பாள், பார்க்கிறது, கோணலாக எழுதாதே என்பேன். கணுக்காலில் சிவந்து தடித்திருக்கும், கொசுக்கடி என்று நான்தான் தேங்காயெண்ணெய் தடவி அனுப்புவேன். வெளிச்சத்தில் கடிக்கிற கொசு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா, இல்லை.

பதினாறாம் தேதி சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் நெருப்பாகக் கொதித்தது, செவ்வாய்க்கிழமை காலை நான் போய்ப் பார்த்தபோது உடம்பு சில்லென்று இருந்தது, காய்ச்சல் விட்டுவிட்டது சபியா, இனிமேல் பயமில்லை என்று நானே வாய் நிறையச் சொன்னேன். மத்தியானத்துக்குள் கையும் காலும் ஐஸாகிவிட்டது, தோலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, மூக்கில் ரத்தம். அவள் அப்பா ஷம்சுதீன் பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு டாக்சி பிடித்து ஓடினார். பினாங்கில் குழந்தைகளுக்கு வந்தது போன்ற காய்ச்சல், காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். வியாழன் காலை போய்விட்டாள். பெருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது, பச்சைப் பாவாடை தைத்து வந்து மடித்தபடி இருந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியது. பிப்ரவரி முதல் வாரமே தேவதாஸ் வீடு வீடாக வந்தார். பினாங்குச் செய்தி வந்ததிலிருந்து சோதனை போடுகிறார்கள். இது லொங்கான் சாக்கடையில் வளர்கிற கொசு இல்லையம்மா, வீட்டுக்குள்ளே நல்ல தண்ணீரில் முட்டை இடுகிற ஜாதி, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இறங்கி ஊர் ஊராகப் பரவுகிறது என்றார். அப்பா உடனே, "அப்ப நம்ம ஆளுங்கதான், நம்மளும் கப்பல்ல வந்தவங்கதானே" என்று சிரித்தார். நான் வீட்டில் தண்ணீர் நிற்கும் இடங்களைப் பட்டியல் போட்டு நோட்டில் வைத்திருந்தேன், இருபத்து மூன்று இடம், மழைத்தண்ணீர் பீப்பாய், குளியலறைத் தொட்டி, எறும்பு ஏறாமலிருக்கச் சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு அடியில் வைத்த நான்கு கிண்ணம், குரோட்டன்ஸ் தட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதிலும் புழு இல்லை. "ஒங்கள மாரி நாலு பேரு இருந்தா எனக்கு வேலையே இல்லம்மா" என்றார், எனக்குத் தலை கால் புரியவில்லை. உள்ளே வேறு தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை சுந்தரி. கும்பத்தில் இருப்பதைத் தண்ணீர் என்று என் மனம் எண்ணவே இல்லை.

அந்தக் கும்பம் உனக்காக வைத்தது. அங்கே பனி இந்த வருஷம்போல் யாரும் பார்த்ததில்லை, இருமினால் நெஞ்சு குத்துகிறது என்று டிசம்பரில் எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தை முதல் வெள்ளிக்கிழமை, ஜனவரி பதினெட்டாம் தேதி, நாற்பத்தெட்டு நாள் கலைக்காமல் வைப்பதாக நேர்ந்துகொண்டு வைத்தேன். மாவிலை காய்ந்து சுருண்டு தேங்காய் ஒருபக்கம் சாய்ந்திருந்தது, விரல் நுழையும் அளவுக்குச் சந்து. தொடக்கூடாது என்று நான் நேராக்கக்கூட இல்லை.

ஆயிஷா ஆஸ்பத்திரியில் கிடந்த புதன்கிழமை தேவதாஸ் மறுபடி வந்தார், அக்கம்பக்கத்து வீட்டை எல்லாம் பார்க்கவேண்டும் என்று. அப்பாதான் "பூசையறைல ஒரு கும்பம் இருக்கே பாக்கியம்" என்றார். இன்ஸ்பெக்டர் வாசலைத் தாண்டவில்லை, நீங்களே எடுத்துவந்து காட்டுங்கள் என்றார். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது என்பது. அப்பா கோபத்தில், "அங்க புள்ள சாவக் கெடக்கு, நீ நாள எண்ணிக்கிட்டு இருக்க" என்றார். தேங்காயை எடுத்தேன். டார்ச் அடித்தார்கள். துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தது, எண்ணி முடியாத கூத்தாடிப் புழு. சபியா வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று அவர் புத்தகத்தில் எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்றிலிருந்து தேதிகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா பினாங்குக் கல்யாணத்துக்குப் போய்வந்து, ஜனவரி முப்பத்தொன்றிலிருந்து மூன்று நாள் எலும்பெல்லாம் நோகிறது என்று அந்த நடையிலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார். காய்ச்சல்காரரைக் கடித்த கொசு ஒரு வாரம் பத்து நாள் கழித்து வேறொருவரைக் கடித்தால், அதிலிருந்து ஐந்தாறு நாளில் அவருக்குக் காய்ச்சல் வரும் என்கிறார் தேவதாஸ். அப்பா படுத்தது முப்பத்தொன்று, ஆயிஷா படுத்தது பதினாறு. நடுவில் பதினாறு நாள். இந்த வீடுதான் என்று உறுதியாகச் சொல்லமுடியுமா என்று அவரைக் கேட்டேன், "அத யாரும்மா சொல்ல முடியும், தெருவுல இன்னும் ஆறு வீட்ல புழு இருந்துச்சு" என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காதே, சொன்னால் செத்த பிள்ளை வருமா என்கிறார்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சபியா, தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளூ செய்கிற தண்ணீர்ப் பானைதான் தன் பிள்ளையைக் கொன்றது என்று அதைக் கிணற்றடியில் போட்டு உடைத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை, கொசு கடிக்கிற நேரத்தில் கஞ்சி கொடுத்துவிட நானே வெளியே அனுப்பினேனே என்றும் தலையில் அடித்துக்கொள்கிறாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வேலிக் கதவைத் திறந்துகொண்டு போய் எல்லாவற்றையும், இந்தத் தேதிகளையும்கூடச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நான் அழுவறதப் பாக்க மாட்டாம ஒந்தலையில போட்டுக்கிறியாக்கா" என்றாள். இல்லை என்று சாமி பெயரில் சத்தியம் செய்தேன், நம்பவில்லை; கும்பத்தைத் திறந்தபோது பார்த்தது நாங்கள் நான்கு பேர்தான், அவள் பார்க்கவில்லையே. "சுந்தரிக்கு எழுதிக் கேளு. நர்ஸ் படிக்கிற புள்ள, பொய் சொல்லாது. வெரத நாள்ல என் அடுப்படியில வந்து மீன் தின்னுட்டுப் போவும், கேட்டா ஒத்துக்கும்" என்றாள். நீ மீன் தின்ற கதை எனக்கு அன்றுதான் தெரியும், அது இருக்கட்டும்.

இப்போது சனிக்கிழமைதோறும் இரண்டு வீட்டுத் தண்ணீரையும் நானே கொட்டுகிறேன். கொட்டினால் போதாது, முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாதாம், நார் போட்டுத் தேய்க்கவேண்டும். அலமாரிக் கிண்ணத்தில் உப்பைக் கரைத்துவிட்டேன், பீப்பாய்க்கு வேட்டித் துணி கட்டியிருக்கிறேன். நோட்டில் இருபத்து நான்காவதாகக் கும்பம் என்று எழுதினேன். அதில் இப்போது அரிசி நிரப்பியிருக்கிறது. நேர்த்தி முடியாமல் போனதே என்று நீ கலங்காதே, உனக்கு ஒன்றும் வராது. கம்பளிக் காலுறையை மட்டும் ஈரத்தோடு போடாதே.

மகளே, நான் எழுதிய தேதிகளைப் பெரிய டாக்டரிடம் காட்டிக் கேள். என் கும்பத்துக் கொசுவாக இருக்கலாம் என்றால் இருக்கலாம் என்றே எழுது, தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. அம்மா என்று இரக்கப்பட்டு ஒரு வார்த்தை கூட்டாதே குறைக்காதே, நீ எழுதுவதை அப்படியே சபியாவுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் வேலிக் கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி, உடைந்த பானையை நினைத்து அவள் அழக்கூடாது.

முருகன் உன்னை நோய் நொடி இல்லாமல் காத்து, படிப்பை நல்லபடி முடித்துக்கொடுக்கட்டும், அப்பாவின் ஆசியும் உண்டு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இரண்டு வீட்டிலிருந்தும் வாசலுக்கு வருகிறோம். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. பாக்கியலட்சுமி