முடிச்சு இறுக்கும் முன் கேட்கும் கேள்வி

என் அருமை ரங்கசாமி மாப்ளே,

போன இடத்தில் தரை மண்ணா, சிமெண்டா? சிமெண்டு என்றால் ஆடிவிடாதே, உன் முட்டி தாங்காது. நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கால் மட்டும் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. "ஏனுங்க, மேசைக்கு என்னாச்சு?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது.

நாளை அவிநாசிப் பக்கம் நம் பெருஞ்சலங்கைக் குழுவுக்கு ஆட்டம். நீ போன பிறகு முதல் ஆட்டம்.

ஊர்ச் செய்தி ஒன்று. உன் தறிக்குடோனுக்கு அடுத்த வீட்டுக்காரர் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறார். வேர்த்ததும் காதோரம் கறுப்பாக வழிகிறது. இதற்கு ஒற்றை ஆளாகச் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா. காலையிலிருந்து கவுச்சி கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, "மிதிக்கப் போறோம் தாயி, பொறுத்துக்க" என்று மண்ணைத் தொட்டுக் கும்பிடுவோம். கைக்கு முன்னால் என் தொந்தி தொட்டுவிடும் என்பாய். அப்புறம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் காலை ஒருவர் மடியில் வாங்கிச் சலங்கை கட்டுவோம். முடிச்சை இறுக்கும் முன் ஒரு கேள்வி: "உடம்பு நல்லா இருக்குதுங்களா? மனசுல ஏதாச்சும் இருக்குதுங்களா?" உள்ளதைச் சொன்ன பிறகுதான் முடிச்சு.

கடைசி ஆட்டத்தன்று உன்னிடமும் கேட்டேன். "கல்லாட்டம் இருக்கறன்டா, கட்டு" என்றாய். மதியத்திலிருந்து வாயு என்று சொல்லி நெஞ்சைத் தடவிக்கொண்டு சோடா குடித்த கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இறுக்கித்தான் கட்டினேன். பாதி ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் அந்த முடிச்சை அவிழ்த்ததும் நான்தான். ஏன்டா சொல்லவில்லை?

அதற்குப் பிறகு யார் மடியிலும் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியில் கட்டும் நேரம் வந்தால், போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவிவிடுவேன். குழுவில் இப்போது என் பெயர் 'ராங் நம்பர்'.

இன்று சாயங்காலம் பயிற்சிக்கு உன் சலங்கையோடு உன் வீட்டுக்காரி துளசி வந்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தோம். நேராக வந்து, உன் இடத்தில், எனக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"கட்டுங்கண்ணா. நாளைக்கு நான் ஆடறேன். மொட்டை மாடியில பழகிப்போட்டுத்தான் வாரேன்."

தப்பிக்க வழியில்லை. போனையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கேள்வியைக் கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. மனசுலதான் கோவம். அவரு மேல."

"எனக்குந்தான் அம்மணி."

"அப்ப அதையுஞ் சேர்த்து மிதிச்சறலாமுங்க. கட்டுங்க."

கட்டினேன். உடனே என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உடம்பு நல்லா இருக்குதுங்களாண்ணா?"

'கல்லாட்டம்' வாய் வரைக்கும் வந்துவிட்டது, மாப்ளே. அவள் கை முடிச்சில் அப்படியே நின்றிருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை என்னவோ பிடிக்கிறது, வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் சலங்கையை உருவி என் கையில் கொடுத்தாள். "டாக்டரப் பாத்துப்போட்டு வாங்க. அப்பறம் கட்டறேன்." அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கே வந்து நீ தங்கச்சி என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரியிடமும் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். ராத்திரி எனக்குச் சோற்றோடு கிடைத்த வசவு தனிக் கதை.

ஆக, காலையில் டாக்டர். அவர் விட்டால் சாயங்காலம் ஆட்டக்களத்தின் ஓரத்தில் எல்லோருடைய செருப்புக்கும் காவல். உன் சலங்கைச் சத்தம் கேட்கும்போது இந்தக் காலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. எப்போதாவது அங்கே வரும்போது உன் காலை என் மடியில் வாங்கி மறுபடியும் கேட்பேன். அப்போதாவது உண்மையைச் சொல்.

துளசிக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்.