நெட்டையர் போட்ட டீ

மதிப்பிற்குரிய வெளிநாட்டு அம்மணி அவர்களுக்கு,

உன் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நான், நம் வாண்டு, என் முழங்கால் மூவரும் இருக்கிறோம். முதல் இரண்டு பேர் நலம். மூன்றாவது ஆள் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முனகுகிறான். நீ நலமாகத்தான் இருப்பாய். உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. நீ போனில் வந்தால் வாண்டு பிடுங்கிக்கொள்கிறாள். கடைசியில் எனக்கு மிஞ்சுவது இரண்டு நிமிஷம். அதில் ‘சாப்பிட்டியா’வுக்கு ஒரு நிமிஷம், ‘கேக்குதா’வுக்கு ஒரு நிமிஷம். அதனால் டிப்போ ஓய்வறையில், இரண்டு டிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பல் செட் செய்கிற கம்பெனி உன்னை ஆறு மாதம் புது மெஷின் கற்றுக்கொள்ள அனுப்பியது. நீ கற்றுக்கொண்டிருப்பதோ வேறு பாடம். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். நீ மரியாதைக்கு ‘நீங்க போங்க’ என்று நிற்க, அவரும் நிற்க, உன் பின்னால் நாலு பேர் வரிசை கட்டிவிட்டார்களாம். முதலாளியைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டபோது நம் வழக்கப்படி ஒரு தடவை ‘வேண்டாம்’ என்றாயாம். அவர்கள் நிஜமாகவே பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டார்களாம். நீ அரை வயிற்றோடு திரும்பி வந்தாயாம். அதைப் படித்து வாண்டுவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடப் பாவிகளா, முதல் தடவை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றா அர்த்தம்!

பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்வார்கள், நானும் பழகிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அங்கே என் சிரிப்பு நின்றது. பதினாறு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். எனக்கு இதுவரை ஒரே ஒரு ஆள்தான் நன்றி சொல்லியிருக்கிறான். அதுவும் அவன் ஸ்டாப்பில் நிறுத்தாமல் நான் அடுத்த ஸ்டாப்பில் கொண்டுபோய் இறக்கியதற்கு, இரண்டு கையையும் கூப்பி, ‘ரொம்ப நன்றிங்க சாமி’ என்றான். நீ என் பஸ்ஸில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாய்? முகம் தெரியாத எவனோ ஒரு டிரைவருக்குத் தினம் இரண்டு நன்றி. நடக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து மேஜைக்காரர். நெட்டையர் என்று பட்டப்பேர் வேறு வைத்திருக்கிறாய். அங்கே யார் டீ போட எழுந்தாலும் எல்லோரையும் கேட்டு, எல்லோருக்கும் சேர்த்துப் போட வேண்டுமாம். முதல் நாள் அவர் உன்னிடம் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டாராம். உனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றாயாம். அப்படி ஒரு பதிலே அங்கே கிடையாதாம். அன்றைக்கு இரண்டு ஸ்பூன் போட்டாராம், மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் சர்க்கரையே இல்லாமல். நீ குடித்த முகத்தைப் பார்த்தே, இதுதான் உங்களுக்கு என்று கண்டுபிடித்துவிட்டாராம். இப்போது கேட்பதுகூட இல்லையாம், சரியாக வந்துவிடுகிறதாம். ‘சின்ன விஷயம்தான்’ என்று முடித்திருந்தாய். என் முழங்காலுக்கு ஒரு வரி. இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒன்பது வரி. எண்ணிவிட்டேன்.

அடுத்தவன் பெண்டாட்டி டீ குடிக்கிற முகத்தை அவன் எதற்குப் பார்க்க வேண்டும்? பல்லைப் பார்க்கத்தானே அவனுக்குச் சம்பளம்? எனக்குப் பொறாமை என்று நீ நினைப்பாய். பொறாமைதான். அதில் என்ன ஒளிவு மறைவு?

இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறாய். உன் கை வேலை பிடித்துப்போய், இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ‘இருக்கட்டுமா, வரட்டுமா, உங்க இஷ்டம்’ என்று என்னைக் கேட்டிருக்கிறாய். என் இஷ்டம்தானே? வா. ஆறு மாதம் முடிந்த மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர். வாண்டு உன் நினைப்பில் இளைத்துத் துரும்பாகிவிட்டாள்.

இப்படிக்கு,
ஒருவரும் நன்றி சொல்லாத டிரைவர்

*

அம்மணிக்கு,

உன் பதில் வந்தது. இரண்டே வரி. ‘சரி, வந்துவிடுகிறேன். முழங்காலுக்கு மறக்காமல் எண்ணெய் தடவுங்கள்.’

நீ சண்டைக்கு வருவாய் என்று நாலு பக்கத்துக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் வீண். ஜெயித்தது நான்தான்.  ஆனால் அன்றைக்கு மத்தியானம் ஏன் என்று தெரியாமல் கண்டக்டரிடம் எரிந்து விழுந்தேன்.

அந்த நெட்டை கண்டுபிடித்தது தப்பு என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வெறி. நேற்று வந்தவனுக்குத் தெரியுமா, பதினாலு வருஷம் குடும்பம் நடத்துகிற எனக்குத் தெரியுமா? அடுப்படியில் போய் நின்று, உன் டீக்கு எத்தனை ஸ்பூன் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

வாண்டுவைக் கேட்டேன். ‘அம்மாவுக்குன்னு தனியா எப்பப்பா போட்டாங்க? உங்களுக்குப் போடறதுலதான் பாதிய ஊத்திப்பாங்க’ என்றாள். ஆகா, அப்படியென்றால் என் கணக்குத்தான் உன் கணக்கும். எனக்கு மூன்று ஸ்பூன், ஆகவே உனக்கும் மூன்று. நெட்டைக்கு ஒன்றும் தெரியவில்லை! வாண்டுவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். இளைத்துப் போனதாக எழுதினேனே, அது பொய். தூக்கும்போது மூச்சு வாங்கியது.

சாயங்காலம் உன் அக்கா அவளுக்குத் தலை பின்ன வந்தார். சாட்சிக்கு ஆள் கிடைத்தது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பின்னலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ‘அவளா? மூணு ஸ்பூனா? சின்ன வயசுலேர்ந்தே அவ டீயில சர்க்கரை போட விடமாட்டாளே. கஷாயம்னு நாங்கள்ளாம் கேலி பண்ணுவோம். இத்தனை வருஷத்துல உங்களுக்குத் தெரியாதா?’ என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

பதினாலு வருஷம்! ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்! பிடிக்காததை என் எதிரில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறாய். ஏன், உனக்கு வாயில்லையா? ‘இது எனக்கு வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. என்மேல் வருவதை எழுத இந்தத் தாள் போதாது. எல்லாவற்றையும்விட அவன்மேல்தான் வருகிறது. மூன்றே நாள். மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டானே.

இப்படிக்கு,
மூன்று ஸ்பூன்காரன்

*

என் அன்புக்குரியவளுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் என் தப்பில்லை, இந்த ஓய்வறை மேஜைக்கு ஒரு கால் குட்டை.

டிப்போ டீக்கடையில் நேற்று நானே எழுந்து போய், கண்டக்டரிடம் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டேன். அவன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். ‘என்னண்ணே, காய்ச்சலா? லீவு சொல்லிடட்டுமா?’ என்றான். அரை ஸ்பூனாம். ஆறு வருஷமாக ஒரே வண்டியில் ஓடுகிறோம். அதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆக, நான் கவனிக்காமல் விட்டது உன்னை மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்.

வீட்டில் இப்போது சர்க்கரை இல்லாமல் டீ போட்டுக் குடிக்கிறேன். இன்றைக்கு ஐந்தாம் நாள். பழகிவிட்டது என்று எழுத ஆசைதான். பழகவில்லை. கசக்கிறது. வாண்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் கொடுத்த பாலைக் குடித்து முடித்ததும் ‘நன்றிப்பா’ என்கிறாள், நீ போனில் சொல்லிக்கொடுத்தபடி. வீட்டுக்குள் நன்றி சொல்வது ஆளை அந்நியமாக்குகிற வேலை என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆனால் அவள் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டிரைவர் ஜாதிக்கே அது பழக்கமில்லாததால் இருக்கலாம்.

ஓட்டும்போதெல்லாம் ஒரு விஷயம் மனதைக் குடைகிறது. ‘உங்க இஷ்டம்’ என்று எழுதினாயே, அதுவும் என் டீயில் பாதியை ஊற்றிக்கொண்ட மாதிரிதானோ? ‘சரி, வந்துவிடுகிறேன்’ என்றாயே, அதையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டாயோ?

அதனால் அந்த ஊர் மரியாதைப்படி ஒரே ஒரு தடவை கேட்கிறேன். மறுபடி வற்புறுத்த மாட்டேன். நீயும் நம் வழக்கப்படி மூன்று தடவை மறுத்து நாலாவது தடவை சம்மதிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே. உனக்கு அங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்க விருப்பமா, இல்லையா? விருப்பம் என்றால் விருப்பம் என்று எழுது. பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போக மாட்டேன். காலை ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தலை பின்ன உன் அக்கா வருவார். வாண்டு உன்னைத் தேடத்தான் செய்வாள், நானும்தான். அதற்காக நீ பொய் எழுத வேண்டாம்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், ஒரு துளி குறையவில்லை. அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், பிள்ளைகுட்டியோடு நீடூழி வாழட்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் நீ முதலில் போ. டீ கொடுத்தால் வாங்கிக்கொள். மிச்சம் வைக்காமல் முழுசும் குடி. மரியாதையாக நன்றி சொல். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தையை எனக்கு வைத்திரு. நீ எப்போது வந்தாலும் சரி, வந்த அன்றைக்கு நான் போட்டுத் தருகிறேன், சர்க்கரை இல்லாமல். குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்