மீன் மார்க்கெட் கழிப்பறைச் சாவி

மார்ச் 14, 2006. செவ்வாய்.

இல்லை, மறதியில் எடுத்து வரவில்லை. தெரிந்தேதான் சாவியைக் கைப்பையில் போட்டேன்.

மீன் மார்க்கெட்டில் பெண்களுக்கென்று நகராட்சி கட்டிய கழிப்பறை திறப்பு விழாவோடு பூட்டப்பட்டது. மகளிர் திட்ட அறிக்கையில் மட்டும் அது பயன்பாட்டில் இருக்கிறது. இன்று ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். திறந்து காட்டினோம். அவரும் உள்ளே போய்விட்டு வந்தார்.

"ரொம்ப க்ளீனா மெயின்டெய்ன் பண்றீங்க."

கார் நகர்ந்ததும் எங்கள் சார், "பூட்டும்மா. இவங்கள விட்டா நாறிடும்" என்றார்.

பூட்டினேன். சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்த நாகம்மாக்கா நிமிர்ந்தாள்.

"இன்னா கண்ணு, அந்த மேடத்துக்கு மட்டுந்தான் வருமா? எங்களுக்கெல்லாம் வவுறு இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

அக்கா கோவளத்திலிருந்து விடியலில் மீன் விற்க வருகிறவள். வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் நீர்க்கடுப்பில் துடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

நான் நகராட்சியில் தற்காலிக ஊழியை. ஏப்ரலில் என் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் சார்தான். அலுவலகம் திறப்பதற்குள் கழிப்பறையைத் திறந்து, சாவியை அக்காவிடமே கொடுத்துவிட்டால்? சார் கேட்கும்போது என்ன சொல்வேன் என்று இன்னும்...

தூக்கம் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். அதைக்கூட யோசிக்காமல் குடிக்க முடியவில்லை.

ஃபினாயில் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் சாவியோடு வைத்தேன். ஊரப்பாக்கத்தில் முதல் ரயிலைப் பிடிக்க அலாரம் வைத்தேன்.