நீங்கள் ஓட்டாமல் விட்ட ரீல்

என் பெயரையே மறந்துபோய், பாப்பா பாப்பா என்று மட்டுமே கூப்பிட்ட என் அன்பு அப்பாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. மழை பிடித்துக்கொண்டதில் உப்பளம் முழுக்கத் தண்ணீர். வேலை இல்லாமல் பாதி மரக்காணம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. சினிமாக் கொட்டாயையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். மழை நின்றதும் உங்கள் இடத்தில் வேறு ஆப்பரேட்டரை வைத்துப் படம் ஓட்டுவார்களாம். அம்மா நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள். நான் நன்றாக இல்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன்.

நேரில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

புதுச்சேரியில் எங்கள் தமிழ்ப் பேராசிரியை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். ஏதாவது ஒரு சினிமாவை எடுத்துக்கொண்டு, அது கலையாக எப்படி இருக்கிறது, நம் வாழ்க்கையை எப்படிக் காட்டுகிறது என்று ஆராய வேண்டும். சினிமா என்ற வார்த்தையைச் சொன்னாலே முகம் சுளிக்கிற கல்லூரியில் இப்படி ஒரு கட்டுரை! மற்ற பெண்கள் எந்தப் படம் எழுதுவது என்று தவித்தார்கள். ஆப்பரேட்டர் மகளுக்குப் படத்துக்கா பஞ்சம்? அந்த அண்ணன் தங்கைப் படத்தை எடுத்துக்கொண்டேன். மெஷின் ரூமில் உங்கள் முட்டியை ஒட்டி நின்று எத்தனை தடவை பார்த்திருப்பேன்.

தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் அண்ணன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறான். புயல் வருகிறது. விடிந்ததும் தங்கை கல்யாணப் புடவையோடு கரையில் வந்து நின்று கடலையே பார்க்கிறாள். திரையில் அலை மட்டும் வருகிறது, போகிறது. உடனே படம் முடிந்ததென்று உங்கள் ‘வணக்கம்’ சிலைடு. சனம் பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போகும். கொட்டாயில் விற்ற பாட்டுப் புத்தகத்தில்கூட முடிவு கிடையாது. ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பான்.

நான் எழுதினேன்: அண்ணன் வந்தானா இல்லையா என்று இந்தப் படம் சொல்வதில்லை, அதுதான் இதன் கலை. போனவன் திரும்புவானா என்று தெரியாமலே சோறாக்கி, பிள்ளை வளர்த்து, உப்பு வாரும் எங்கள் ஊர்ப் பெண்களின் வாழ்க்கை இதில் இருக்கிறது. எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. உங்களிடம் படித்துக் காட்ட முடியவில்லையே என்று அழுதேன்.

பேராசிரியை என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்.

"எழுத்து நல்லா இருக்கும்மா. ஆனா இந்தப் படத்த நீ பாத்தியா?"

"பாத்திருக்கேன் மிஸ். நெறைய வாட்டி."

"அப்போ கடைசியில தூங்கிட்டியா? பொணம் கரை ஒதுங்குமே. அந்தப் பொணத்துக்கு முன்னாடி வெச்சே தங்கச்சிக்குத் தாலி கட்டுவாங்களே. தியேட்டரே அழுமே!"

"எங்க அப்பாதான் மிஸ் அந்தப் படத்த ஓட்டினாரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அப்பாவையும் தூங்க வைத்துவிட்டாள் என்று பின்பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. முடிவைத் திருத்தி எழுதினால் வெளிக்கல்லூரிப் போட்டிக்கு அனுப்புவதாகவும், இப்படியே கொடுத்தால் இல்லாததை எழுதியதாக ஆகிவிடும் என்றும் சொன்னார். அப்பா ஓட்டிய படத்துக்கு நான் பொய்ச்சாட்சி ஆகிவிட்டேன்.

காலைக் காட்சியில் பழைய படம் போடுகிற தியேட்டர் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. அங்கே அந்தப் படம் வந்ததும் போனேன். பிணம் இருந்தது, தாலி இருந்தது, ஊர்த்தலைவரின் நீளமான பிரசங்கம்கூட இருந்தது. ஒரு முழு ரீல்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் அந்த முடிவு மட்டம்தான், ஒப்பாரியும் உபதேசமும். ஆனால் கடைசியில் ஒரு இடத்தில் தங்கை தன் கல்யாணப் புடவை முந்தானையால் அண்ணன் முகத்தில் ஒட்டிய மணலைத் துடைக்கிறாள். அங்கே என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

விடுதிக்கு வந்து படுத்தால் வேறு யோசனை. இன்னும் எத்தனை படங்களில் கை வைத்தீர்கள்? எனக்குத் தெரிந்த கதைகளில் எது முழுசு?

நேற்று அம்மாவைக் கேட்டேன்.

"மொத நாளு முழுசாத்தான் ஓட்டுனாரு" என்றாள் அம்மா. "உனக்கு அப்பப் பேச்சே சரியா வராது. பொணம் வந்ததும் பொம்பளைங்க பக்கம் ஒரே அழுகை. குப்பத்து செங்கேணி எழுந்து நின்னுட்டா. அந்த வருசம்தான் அவ வூட்டுக்காரரு கடலுக்குப் போயி வராம பூட்டாரு. உங்கப்பாவால தாங்க முடியல. மறுநாள்லேருந்து அந்த ரீல் டப்பாவைத் தொறக்கவே இல்ல. அப்புறம் எப்ப அந்தப் படப்பெட்டி வந்தாலும் அப்படித்தான்."

நீங்கள் செய்தது எனக்குப் புரிந்தது. உங்கள் மேல் பாசம்கூட வந்தது. மழையோடு குப்பத்துக்குப் போய் செங்கேணி அத்தையிடம், உங்களுக்காகத்தான் அப்பா அந்த ரீலை எடுத்தாராம் என்று சொன்னேன். அத்தை வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்மா. நான் எழுந்து நின்னது அழுவறதுக்கில்ல, நல்லாப் பாக்கறதுக்கு. அந்தப் பொண்ணுக்காவது மூஞ்சி கெடச்சுதே. எங்காளு மூஞ்சி எனக்குக் கெடைக்கலியே. அந்த எடத்தப் பாக்கறதுக்குன்னே மறுநாளும் டிக்கெட் வாங்கிக்கினு போனேன். உங்கப்பா வணக்கம் போட்டுட்டாரு. நல்ல மனுசன், எனக்காகத்தான் பண்ணாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."



திரும்பி நடந்துவரும்போதுதான் என் கோபம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அது கட்டுரைக்காக வந்த கோபமே இல்லை. பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்தபோது, வெறும் சளிதான் என்று கடிதம் போட்டீர்கள். நெஞ்சு அடைத்துக் கிடந்தபோதும், பரீட்சை முடிகிறவரை அவளுக்குச் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினீர்கள். பரீட்சை முடிந்து நான் வந்து பார்த்தது ஈரம் காயாத மண்மேட்டை. உங்கள் முகத்தை எனக்குக் காட்டவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்கார வைத்து, கடைசி நாட்களில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ" என்று மழுப்பினாள். நான் விடவில்லை. சொன்னாள். மூச்சு வாங்கியது, கஞ்சி இறங்காதது, சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசியது, எல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசியில கண்ணத் தொறந்து வாசப்பக்கமே பாத்தாரு. ‘பாப்பா வந்துட்டாளா’ன்னு கேட்டாரு. சொல்லாதன்னு சொன்ன மனுசன்தான் கேட்டாரு. நான் என்னாம்மா பண்றது? ‘பஸ்ஸு எறங்கிட்டா, வந்துக்கினு இருக்கா’ன்னு சொன்னேன். சரின்னு கண்ண மூடிக்கினாரு."

நான் பஸ்ஸில் ஏறவே இல்லையே அப்பா. புதுச்சேரியில் பாடம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். உங்கள் மனசு நோகக்கூடாது என்று அம்மாவும் உங்களுக்கு ஒரு ரீலை ஓட்டாமல் விட்டுவிட்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டீர்களே.

திங்கட்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும். பேராசிரியை கேட்டபடி திருத்தப் போவதில்லை. எங்கள் ஊரில் இந்தப் படம் இப்படித்தான் ஓடியது, என் அப்பாதான் நிறுத்தினார், ஒரு பெண்ணுக்கு நோகக்கூடாது என்று நிறுத்தினார், அந்தப் பெண் அதைப் பார்க்கத்தான் திரும்பி வந்தாள் என்று எழுதுவேன். போட்டிக்குப் போகாவிட்டால் போகட்டும். நீங்கள் செய்தது சரியா தப்பா என்ற வரியை மட்டும் எழுத வரவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடட்டுமா?

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். அம்மாவுக்கு முடியாமல் போகிற நாளில் யார் எந்தப் பரீட்சையைக் காட்டித் தடுத்தாலும் நான் பஸ் ஏறிவிடுவேன். வந்துகொண்டிருக்கிறாள் என்று யாரும் சொல்ல வேண்டி இருக்காது. நான் வந்து பக்கத்தில் இருப்பேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மகள்,
பாப்பா