வாசலில் குவித்த அரிவாள்கள்

அன்புள்ள அம்சத்துக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லையென்று கோபப்படாதே. நான் நன்றாக இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல ஜெயா டீச்சர் எழுதுகிறார்.

நான் வாசல் காக்கும் சபை எந்த மிஷனையும் சேர்ந்ததில்லை. பழைய கிறிஸ்தவக் கோயிலில் சேரிக்காரரைப் பின்னால் உட்காரவைத்ததால் பத்துக் குடும்பங்கள் வெளியேறிக் களத்துமேட்டில் போட்ட கூரை இது. இங்கே யாரும் எங்கும் உட்காரலாம். அறுப்புக் காலத்தில் வயலிலிருந்து நேரே வருவார்கள். "வாங்க" என்று சொல்லி, அரிவாளை வாங்கி வாசலில் வைப்பது என் வேலை.

அதுதான் வினையாயிற்று. எங்கள் ஜனங்கள் கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக மிராசுதார் ஆட்கள் தடியோடு வந்தார்கள். குவிந்து கிடந்த அரிவாள்களைப் பார்த்ததும் தடிகளை எறிந்துவிட்டு அவற்றை அள்ளிக்கொண்டார்கள். ஜெபத்தில் மண்டியிட்டிருந்தவர்களை அவரவர் அரிவாளாலேயே வெட்டினார்கள். செல்லத்துரைக்குக் காது போயிற்று. பாயெல்லாம் ரத்தம். நான் குறுக்கே கை நீட்டினேன், கொஞ்சம் பட்டது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனதோடு சரி.

நேற்று, வெட்டியவர்களில் ஒருவனான கலியபெருமாள் அரிவாளோடு வந்து நின்றான்.

"உள்ள வரலாமாங்க?"

போதகர் தலையசைத்தார். எனக்கு "வாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. அரிவாளைப் பிடுங்கிப் பாய்க்கடியில் தள்ளி, ஆராதனை முடியும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார். கிறிஸ்துமஸுக்கு எனக்குச் சட்டை எடுக்காதே, அம்சம். தலைவழியே மாட்டுகிற பனியன் அனுப்பு. பட்டன் போட இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

உன்
அய்யாக்கண்ணு